சொன்ன வழியில் போகும் ட்ரோன் சொல்லாமல் சுற்றினால்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு ட்ரோன் பறக்கவிடுவது என் பிழைப்பு. மறுநடவுக்கு முன் மரம் எண்ண வேண்டும், மழைக்குப் பிறகு வடிகால் பார்க்க வேண்டும். சனி ஞாயிறு கல்யாணம், ஆடி வந்தால் கோயில் திருவிழா. கையால் ஓட்டுவது குறைவு. கைப்பேசியில் வேபாயிண்ட், அதாவது போக வேண்டிய புள்ளிகளை, போட்டு, அதன்படி தானாகப் போய் வா என்று அனுப்புவதுதான் அதிகம்.

அப்படி அனுப்பிய ஒரு காலையில், நாலாவது புள்ளியைத் தாண்டியதும் ட்ரோன் மூக்கைத் திருப்ப ஆரம்பித்தது. போகிற பாதை நேராகத்தான் இருந்தது, மூக்கு மட்டும் சுற்றிக்கொண்டே போனது. கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. ஐந்தாவது புள்ளிக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாகிவிட்டது.

கூட வந்த தம்பி, “காம்பஸ் போச்சுண்ணே, கேலிபிரேட் பண்ணிடுங்க” என்றான். ட்ரோனுக்குள் இருக்கும் திசைகாட்டியைத் திருத்தி அமைக்கச் சொல்கிறான். செய்தேன். எங்கே செய்தேன் தெரியுமா? பிக்கப் லோரியின் பின்கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. அடுத்த பறப்பில் பழைய சுற்றலும் இருந்தது, பாதை வளைந்து போகும் புதுக் கோளாறும் கூடவே சேர்ந்துகொண்டது. முதல் கோளாறுக்கும் காம்பஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பறப்புப் பதிவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் காம்பஸை இப்போதைக்கு விடுங்கள். முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி வேறு.

திருப்பச் சொன்னது யார்?

ட்ரோன் சுற்றினால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். யாரோ திரும்பச் சொன்னார்கள், அது திரும்பியது. அல்லது நேராக இருக்கச் சொல்லியும் அது திரும்பியது. ‘யாரோ’ என்பது மிஷனாக, அதாவது நாம் போட்டு அனுப்பிய பறப்புத் திட்டமாக இருக்கலாம், ரிமோட்டின் குச்சியாக இருக்கலாம், திரும்பி வா என்று ஆணையிடும் பாதுகாப்பு அமைப்பாகவும் இருக்கலாம். இதைப் பிரிக்காமல் எதைத் தொட்டாலும் என் கதைதான் உங்களுக்கும்.

பிரிப்பது பெரிய வித்தை இல்லை. ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருள் ஓடும், கையால் கட்டிய ட்ரோன் என்றால் பதிவில் ‘டெஸ்யா’, ‘யா’ என்று இரண்டு கோடுகள் கிடைக்கும். முன்னது போக வேண்டிய திசை, பின்னது உண்மையில் மூக்கு இருந்த திசை. இரண்டும் ஒட்டிக்கொண்டே திரும்பியிருந்தால் அது கட்டளை. ஒன்று நேராக இருக்க மற்றது விலகிப் போயிருந்தால் கோளாறு உடம்பில், அதாவது மோட்டார், இறக்கை, காம்பஸ் பக்கம். கடையில் வாங்கிய மடக்கு ட்ரோனில் ‘போக வேண்டிய திசை’ பெரும்பாலும் தனியாகத் தெரியாது. அங்கே மூக்குத் திசையையும் இடது குச்சியின் அசைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடது குச்சிதானே மூக்கைத் திருப்புவது? (மோட் 2 என்ற குச்சி அமைப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே நாம் பார்க்கிற ரிமோட் எல்லாம் பெரும்பாலும் அதுதான்.) குச்சி நடுவில் இருக்க, சுற்றலும் சரியாக ஒரு வேபாயிண்டில் தொடங்கி அடுத்ததில் முடிந்திருந்தால் மிஷன்மீது சந்தேகப்படுங்கள்.

இனி அறிகுறிக்கு வருவோம்.

ஒவ்வொரு நிரையின் முடிவிலும் திரும்புகிறது

இது கோளாறே இல்லை. மரம் எண்ணும் மிஷன் வயலில் ஏர் உழுவது போல ஒரு நிரை போய், அடுத்த நிரையில் திரும்பி வரும். 180 டிகிரி திரும்பும்போது இடமாகத் திரும்பினாலும் வலமாகத் திரும்பினாலும் தூரம் ஒன்றுதான். அதனால் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் திரும்பும். கண்ணுக்குக் குழப்பமாக இருந்தால் மூக்குத் திசையை நிலையாக வைக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள். பின்னால் பறந்து வந்தாலும் செங்குத்தாகக் கீழே பார்க்கும் கேமராவுக்கு ஒன்றும் குறையாது. தடை உணரும் கருவி முன்பக்கம் மட்டும் உள்ள ட்ரோனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பின்னால் போகும்போது அதற்குக் கண் கிடையாது.

இரண்டு புள்ளிக்கு நடுவில் கிட்டத்தட்ட முழுச் சுற்று

என் கதை இதுதான்.

வேபாயிண்ட் மிஷனில் மூக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சில வகைகள் உண்டு. அடுத்த புள்ளியைப் பார்த்தபடி போவது ஒன்று. கிளம்பிய திசையிலேயே நிற்பது ஒன்று. குச்சியால் நாமே திருப்புவது ஒன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் நாமே ஒரு டிகிரி எண் கொடுப்பது இன்னொன்று. வடிகாலை வீடியோ எடுக்க வேண்டியிருந்ததால் நான் கடைசி வகையைப் போட்டிருந்தேன். நாலாவது புள்ளிக்கு 350, ஐந்தாவது புள்ளிக்கு 10. மனிதனுக்கு இதில் குழப்பமே இல்லை. வடக்குக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமிருந்து கொஞ்சம் அந்தப் பக்கம், வெறும் 20 டிகிரி.

செயலி அப்படி யோசிக்கவில்லை. அதற்கு 350 ஓர் எண், 10 ஓர் எண். 350-இலிருந்து 340, 330 என்று இறங்கி, தெற்கைத் தாண்டி, 20 வந்து 10-இல் நின்றது. மொத்தம் 340 டிகிரி. பதிவில் அந்தச் சரிவான கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோளாறான ட்ரோன் இவ்வளவு நேர்த்தியாகக் கோடு போடாது. யாரோ வகுத்துக் கொடுத்த கணக்கை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

எல்லாச் செயலியும் இப்படி இல்லை. பல செயலிகள் கிட்டிய பக்கமாகவே திருப்பும். சில செயலிகள் 0 முதல் 360 வரை எண்ணாமல், கழித்தல் 180 முதல் 180 வரை எண்ணும். அவற்றில் இதே சிக்கல் வடக்கில் வராது, தெற்கில் வரும். 170-இலிருந்து கழித்தல் 170-க்குப் போகும்போது உலகம் சுற்றும்.

சரி செய்ய, புள்ளிக்குப் புள்ளி வலமா இடமா என்று திருப்பும் பக்கத்தைச் சொல்ல இடமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் எண்களை விட்டுவிட்டு, தூரத்தில் ஓர் இலக்குப் புள்ளி வைத்து அதைப் பார்த்தபடி பறக்கச் சொல்லுங்கள். நான் இப்போது வடிகால் வேலைக்கு அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன், மூக்கு அசங்குவதில்லை.

இதன் தம்பி ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் ட்ரோன் கால் சுற்று, கால் சுற்றாகத் திரும்பிக்கொண்டே போகும். ஆர்டுபைலட் மிஷனில் திசைக் கட்டளையோடு ‘முழுத் திசையா, இப்போது இருப்பதிலிருந்தா’ என்று ஒரு கட்டம் இருக்கும். கிழக்கைப் பார் என்று நினைத்து 90 போட்டு, கட்டத்தைத் தவறாக வைத்தால், இருக்கும் திசையிலிருந்து இன்னும் 90 என்று அது எடுத்துக்கொள்ளும். நாலு புள்ளியில் ஒரு முழுச் சுற்று.

இன்னொன்று, தடித்த விரலின் குற்றம். கைப்பேசித் திரையில் ஒரு புள்ளியைத் தட்டும்போது இரண்டு விழுந்துவிடும், ஒன்றின்மேல் ஒன்று. ‘அடுத்த புள்ளியைப் பார்’ என்றால் அரை மீட்டர் தள்ளியிருக்கும் இரட்டைப் பிள்ளையைத் தேடி ட்ரோன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கோபுரத்துக்கு மேல் வந்ததும் பம்பரமாகிறது

திருவிழா வீடியோவுக்கு எல்லோரும் செய்வது இதுதான். கோபுரக் கலசத்தை இலக்குப் புள்ளியாக வைத்து, பாதையை அதன் மேலாகவே போட்டுவிடுவார்கள். வரும்வரை அழகாக வரும். கலசத்துக்கு மேல் வந்ததும் வெடுக்கென்று திரும்பும், கூட்டம் “ஐயோ” என்று ஒதுங்கும்.

இலக்கு இதுவரை முன்னால் இருந்தது, தாண்டியதும் பின்னால் போய்விட்டது. அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் 180 டிகிரி திரும்பித்தான் ஆக வேண்டும். கோபுரத்துக்கு மேல் 30 மீட்டர் உயரத்தில் பறந்தாலும் இதுதான், ஏனென்றால் மூக்கின் கணக்கில் உயரம் வராது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் எவ்வளவு தள்ளி என்பதுதான் கணக்கு.

நேர் மேலே போகாமல் 3 மீட்டர் பக்கவாட்டில் போனால்? வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இலக்கைக் கடக்கிற அந்த ஒரு வினாடியில் திசை சுமார் 80 டிகிரி மாறும். வீடியோ குப்பைதான். ஜிபிஎஸ் பிழையும் இங்கே பெரிதாகத் தெரியும். 2 மீட்டர் பிழை இருந்தால், இலக்குக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கும்போது மூக்கு 2 டிகிரி அசையும், யாருக்கும் தெரியாது. 5 மீட்டரில் அதே பிழை 22 டிகிரி. நின்ற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ட்ரோனைப் பார்த்தால் நான் முதலில் பார்ப்பது இந்தத் தூரத்தைத்தான். 25, 30 மீட்டர் தள்ளி வட்டமடிக்க விடுங்கள். கோபுரத்துக்கு மேலே போயே ஆக வேண்டும் என்று கோயில் தலைவர் ஒற்றைக் காலில் நின்றால், அந்த ஒரு துண்டுக்கு மட்டும் இலக்கை எடுத்துவிட்டு மூக்கை நிலையாக வையுங்கள்.

மெதுவாக, ஒரே பக்கமாக, நிற்காமல் திரும்புகிறது

ஒரு கல்யாணத்தில் நண்பர் ஒருவர் மண்டபத்துக்கு வெளியே ட்ரோனை வட்டமடிக்க விட்டிருந்தார். அது தன்னைத்தானே வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இவர் காற்று என்றார். இலை அசையவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டும் நாடாவில் ஒரு மடிப்பு, இடது குச்சியின் அடியில் புகுந்து அதை ஓர் அரிசி மணி அளவுக்கு வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. விரலால் நாடாவை எடுத்தேன். ட்ரோன் நின்றது.

சில மிஷன் வகைகளில் பாதையைச் செயலி பார்த்துக்கொள்ளும், மூக்கை மட்டும் குச்சிக்கு விட்டுவிடும். அங்கே நாடா, கைப்பேசிக் கேபிள், ஓய்வாக வைத்த கட்டைவிரல், எல்லாமே விமானி. எதுவும் தொடாமலே குச்சி நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் தூசி. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு வருடம் பிக்கப்பில் கிடந்த ரிமோட் அப்படித்தான் இருக்கும். ஊதித் துடைத்துவிட்டு, ரிமோட் கேலிபிரேஷனைச் செய்யுங்கள். பதிவில் இடது குச்சியின் எண் நடுமதிப்பில் நிற்க வேண்டும். ஆர்டுபைலட்டில் அது 1500-ஐ ஒட்டி இருக்கும்.

பாதை வளைகிறது, நிற்கச் சொன்னால் வட்டமடிக்கிறது

இப்போது காம்பஸ். இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் ‘டாய்லெட் பவுலிங்’. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவது போல ட்ரோன் வட்டமடிப்பதால் அந்தப் பெயர். அழகான பெயர் இல்லை, ஆனால் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மூக்கு வடக்கில் இருக்கிறது என்று காம்பஸ் சொல்கிறது, உண்மையில் வடகிழக்கில் இருக்கிறது. இரண்டு மீட்டர் முன்னால் நகர் என்றால் கோணலாக நகர்கிறது. தவறிவிட்டேன் என்று ஜிபிஎஸ் சொல்ல, திருத்துகிறது, அதுவும் கோணலாக. திருத்தத் திருத்த வட்டம் பெரிதாகும். இடையில் கணினி காம்பஸை நம்பாமல் தன் திசைக் கணக்கைத் திடீரென்று மாற்றிக்கொண்டால், மூக்கு ஒரு வெட்டு வெட்டித் திரும்பும்.

இந்த நேரத்தில் வீட்டுக்கு (கிளம்பிய இடத்துக்கு) வா என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அதுவும் அதே பொய்க் காம்பஸை நம்பித்தான் வரும். மிஷனை நிறுத்துங்கள். ஜிபிஎஸ் இல்லாமல் ஓட்டும் முறை உங்கள் ட்ரோனில் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். பக்கத்தில் திறந்த இடம் பார்த்து, கண்ணால் பார்த்தபடி கையால் இறக்குங்கள்.

பெரும்பாலும் குற்றம் கிளம்பிய இடத்தில்தான் இருக்கும். குலை லோரிகளை நிறுக்கும் எடைமேடை தட்டையாக, சுத்தமாக இருக்கும், ட்ரோன் வைக்க ஆசை வரும். அடியில் முழுக்க இரும்பு. பிக்கப்பின் தட்டு, கம்பி போட்ட சிமெண்டுத் தரை, ஸ்டோருக்கு முன்னால் கிடக்கும் டிராக்டர் கலப்பை, இவையும் அப்படித்தான். எங்கள் ஊர் வழியாக மின்சார ரயில் பாதை போகிறது. தண்டவாளத்துக்கும் கம்பித் தூண்களுக்கும் பக்கத்தில் வைத்துக் கிளப்பாதீர்கள். உயர்மின் கோபுரத்தடியும் வேண்டாம்.

கிளம்புமுன் நான் செய்யும் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. தோட்டச் சாலைக்கு நேராக மூக்கை வைத்து, திரையில் உள்ள அம்பும் அதே சாலைக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். கால் சுற்றுத் திருப்பினால் அம்பும் கால் சுற்றுத் திரும்ப வேண்டும். பிறகு திசை மாற்றாமல் ட்ரோனைத் தூக்கி மூன்று மீட்டர் தள்ளி வைப்பேன். அம்பு அசைந்தால் அந்த இடத்தில் ஏதோ இரும்பு இருக்கிறது. இடத்தை மாற்றினால் போதும், கேலிபிரேட் செய்ய வேண்டியதில்லை. எங்கே போனாலும் அம்பு பொய் சொன்னால்தான் கேலிபிரேஷன். அதையும் புல்தரையில், காடியிலிருந்து நல்ல தூரம் தள்ளி, கைக்கடிகாரமும் சாவிக்கொத்தும் பெல்ட்டும் இல்லாமல் செய்யுங்கள்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்த வடக்கும் உண்மை வடக்கும் விலகும் அளவை உள்ளிடச் சொல்லி அவர்கள் மாய்ந்து மாய்ந்து விளக்குவார்கள். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் அது 10 டிகிரிக்கு மேல். மலேசியத் தீபகற்பத்தில் ஒரு டிகிரிகூட இல்லை. அவர்கள் எண்ணை அப்படியே போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழித்துவிட்டுத் தானாகக் கணக்கிட விடுங்கள். இன்னொரு நல்ல செய்தி, நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பூமியின் காந்தப்புலம் இங்கே கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். வடக்கே உள்ள நாடுகளில் அது மண்ணுக்குள் சாய்ந்து இறங்குவதால், திசை காட்டப் பயன்படும் பங்கு குறைவு. நம் காம்பஸுக்குக் கிடைப்பது நல்ல சாப்பாடு. அப்படியும் அது தடுமாறினால் பக்கத்தில் இரும்பைத் தேடுங்கள், ஊரைக் குறை சொல்ல வேண்டாம்.

திடீரென்று நின்று, திரும்பி, வந்த வழியே போகிறது

பேட்டரி குறைந்ததாலோ சிக்னல் அறுந்ததாலோ வீடு திரும்புகிறது. கிளம்புமுன் மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். உயர்ந்த செம்பனைக்கு அடியில் நின்று ஓட்டினால் ஓலையும், எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளும் சிக்னலை மறைக்கும். சாலை முனைக்கு, திறந்த இடத்துக்கு வந்து நில்லுங்கள். திரும்பும் உயரத்தை மரத்துக்கு மேல், 400 அடிக்குள் வையுங்கள்.

படம் சுற்றுகிறது, ட்ரோன் சுற்றவில்லை

தரையில் நிற்பவர் “அது நேராத்தானே போச்சு” என்பார், வீடியோவில் மட்டும் காட்சி மெல்ல நகரும். இது கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் வேலை. சமதளத்தில் வைத்து கிம்பலைக் கேலிபிரேட் செய்யுங்கள். உறையைக் கழற்ற மறந்து ஒருமுறை கிளப்பியவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

ஏறும்போது அல்லது காற்றில் மட்டும் திரும்புகிறது

நாலு இறக்கை ட்ரோனில் எதிரெதிர் மூலையில் உள்ள ஒரு ஜோடி வலமாகச் சுற்றும், மற்ற ஜோடி இடமாக. மூக்கைத் திருப்புவது இந்த இரண்டு ஜோடிகளின் முறுக்கு வித்தியாசம் மட்டுமே. முன்னால் பின்னால் சாய்வதற்கு இருக்கும் பலம் இதற்குக் கிடையாது. அதனால் எங்காவது ஒரு சின்ன ஓரவஞ்சனை இருந்தால், சும்மா மிதக்கும்போது சமாளித்துவிடும், வேகமாக ஏறும்போதும் எதிர்காற்றிலும் தோற்றுவிடும்.

மடக்கு ட்ரோன் என்றால் முதலில் கைகள் முழுக்க விரிந்து ‘டக்’ என்று பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி விரிந்த கையில் மோட்டார் ஒரு நூல் சாய்ந்து நின்றாலே போதும். அப்புறம் ஒவ்வொரு இறக்கையின் ஓரத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குப் படாத வெட்டு நகத்துக்குப் படும். மோட்டார்களை விரலால் சுழற்றுங்கள். மூன்று வழுக்கிக்கொண்டு ஓடி, ஒன்று மட்டும் சீக்கிரம் நின்றால் அதன் அடியில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை ஓலை நார் ஒன்று தண்டைச் சுற்றி, பழுப்பு நூல் கண்டு மாதிரி இறுகியிருந்தது. ஊசியால் எடுத்தேன்.

கையால் கட்டிய ட்ரோனில் மிதக்கும்போதும் ஒரு ஜோடி எப்போதும் அதிகமாக உழைப்பது பதிவில் தெரியும். உடம்பு ஒரு முறுக்கோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம். கரண்டு இழுக்க இழுக்கக் காம்பஸ் விலகுகிறது என்றால், காம்பஸ் பேட்டரிக் கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. தூக்கி ஒரு கம்பத்தில் வையுங்கள்.

எதிலும் சேரவில்லையா?

அப்போது காலி மைதானத்தில் ஒரு வெள்ளோட்டம் விடுங்கள். பிள்ளைகள் பந்து விளையாட வருவதற்கு முன், காற்று எழாத காலை நேரம். நாலே நாலு புள்ளிகள், 40 மீட்டர் சதுரம், 20 மீட்டர் உயரம், வினாடிக்கு 3 மீட்டர் வேகம். இலக்குப் புள்ளி வேண்டாம், வளைவுத் திருப்பம் வேண்டாம். மூக்குத் திசை நாலு புள்ளிக்கும் ஒரே எண். வடக்கு வைக்காதீர்கள், ஏன் என்று மேலே படித்தீர்கள். கிழக்கு, 90. ரிமோட்டைப் புல்லில் வைத்து, நாடாவைக் கழற்றிவிட்டு, குச்சிக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு பாருங்கள்.

நாலு மூலையிலும் மூக்கு கிழக்கையே பார்த்தால் ட்ரோன் சுத்தம். வீட்டுக்குப் போய்ப் பழைய மிஷனைத் திறந்து, திசைக் கட்டத்தில் உள்ள எண்களை ஒன்றொன்றாகச் சத்தமாகப் படியுங்கள். மூக்கு விலகினால் அதே சதுரத்தை எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரே பக்கமாகத் திரும்பினால் குற்றம் மோட்டாரிலோ இறக்கையிலோ. குறிப்பிட்ட ஒரு மூலைக்கு வரும்போது மட்டும் என்றால் அந்த மூலைக்கு நடந்து போய்ப் பாருங்கள். எங்கள் மைதானத்தில் அப்படி ஒரு மூலை இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், லாலான் புல்லுக்குள் துருப்பிடித்த பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று படுத்துக் கிடந்தது.